ஒப்புகைச் சீட்டு

லாமெக் முசோண்டாவின் குரல்வளையை
சென்ற மாதமே எடுத்துவிட்டார்கள்.
ஓசூர் ரோட்டு மருத்துவமனை, மூன்றாம் மாடி,
பேச்சுப் பயிற்சி அறையில்
அவருக்கு நான் 'ஆ' சொல்லித் தருகிறேன்.
கழுத்தில் ஒரு துளை. கட்டைவிரலால் அதை மூடி
மூச்சை மேலே தள்ள வேண்டும்.
தள்ளுகிறார்.
காற்றுதான் வருகிறது, பஞ்சரான டயர் போல.

சிலேட்டில் எழுதுவார், எல்லாம் பெரிய எழுத்து.
முப்பத்தொரு வருடம் எதிர்க்கட்சி வரிசை.
அதிபர் தேர்தலில் ஐந்து தோல்வி,
அதில் இரண்டு முறை டெபாசிட் காலி.
ஒருமுறை ஜெயித்தாராம்,
இரவு பதினொன்றேகாலுக்குக் கரண்ட் போகும் வரை.
கரண்ட் வந்தபோது தோற்றிருந்தார்.
பதினாலு மாதம் சிறை. அங்கே போன பற்களை
வாயைத் திறந்து எண்ணச் சொன்னார்.
சட்டசபையில் வெளிநடப்பு எத்தனை என்றேன்.
யோசித்து, துடைத்து, எழுதினார்:
'செருப்பு எட்டு ஜோடி.'

மகன் இப்போது ஆளுங்கட்சியில் துணை அமைச்சர்.
ஆஸ்பத்திரி பில்லை அவன்தான் கட்டுகிறான்.
இதை அவர் எழுதவில்லை,
கூட வந்திருக்கும் அக்கா மகள் சிலேஷே
கேண்டீன் வரிசையில் சொன்னாள்.
அவர் பெட்டியில் மருந்தைவிட மஞ்சள் உறைகள் அதிகமாம்.
தேர்தல் ஆணையம், உயர் நீதிமன்றம்,
கட்சி ஆபீஸ் எரிந்த இரவின் காவல் நிலையம்,
எல்லாவற்றுக்கும் ஒப்புகைச் சீட்டு.
ஒரு மனுவும் ஜெயித்ததில்லை என்றாள் அவள்.
ஒரு சீட்டும் தொலைந்ததில்லை என்று பிறகு அவர் எழுதினார்.

அன்று ஓட்டு நாள். ஊருக்கு விடுமுறை.
நான் உள்ளே நுழைந்ததும் முதலில் பார்த்தது
என் இடது ஆள்காட்டி விரலை.
மை இல்லை.
சிலேட்: ஏன்?

லிங்கராஜபுரம் பள்ளிக்கூடத்தில்
ஏழு மணிக்கே நின்றேன்,
பட்டியலில் பேர் இல்லை என்றார்கள்,
பரவாயில்லை என்று வந்துவிட்டேன்.
சாக்பீஸ் உடைந்தது.
சொன்னவர் யார்? எழுத்தில் கொடுத்தாரா?
உன் தெருவில் இன்னும் எத்தனை பேருக்கு இல்லை?

எட்டு வருடமாக அந்தத் தெருவில் இருக்கிறேன்.
கீழ்வீட்டு நஸீமா அக்கா
தனக்கும் இல்லையென்று ஏதோ சொன்னாள்,
பால் வாங்கும்போது.
பாலை வாங்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

அன்று 'ஆ' நடக்கவில்லை.
என் பயிற்சித் தாளின் பின்பக்கத்தில் மனு எழுதினார்,
ஓரம் விட்டு, எண் போட்டு, இரண்டு பிரதி.
கையெழுத்து எங்கே என்று பென்சிலால் வட்டமிட்டார்.
நோயாளி நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணிக்கு ஆட்டோ.
நஸீமா அக்கா ரேஷன் கார்டையும்
தூங்கி எழுந்த பேரனையும் இழுத்துக்கொண்டு வந்தாள்.
பட்டியலில் அப்போதும் பேர் இல்லை.
நாங்கள் ஓட்டுப் போடவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.
அதிகாரி மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
இவ்வளவு சுத்தமாக எழுதிக் கொடுத்தது யார் என்று
கன்னடத்தில் கேட்டார்.
தெரிந்த ஒருவர் என்றேன்.
வெளியூரா?
ஆமாம், கொஞ்சம் தூரம்.
இரண்டாம் பிரதியில் ரப்பர் ஸ்டாம்ப் விழுந்தது.

மறுநாள் காலை
நான் வாயைத் திறந்து 'ஆ' காட்டுவதற்குள்
அவர் கட்டைவிரல் கழுத்துக்குப் போய்விட்டது.
தகரத்தில் ஆணி இழுத்தது போல
ஒரு சொல்:
"ரிசீட்?"

கொடுத்தேன்.
சிலேஷே கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.
அவர் அவளைப் பார்க்கவில்லை.
தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து
மேலிருந்து கீழே படித்தார்,
ஸ்டாம்பை நகத்தால் சுரண்டினார்.
மூச்சு. மறுபடி விரல்.
"தேதி
தப்பு."

வாங்கிப் பார்த்தேன்.
போன மாதத் தேதி.
பையை எடுத்தேன்.